பாஸ் மீன்பிடிப் போட்டிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

ஓசூர்_தூண்டில்

வணக்கம் எல்லோருக்கும். பள்ளிக்கூட நாட்களிலிருந்து எனக்குத் தூண்டில் பைத்தியம். இப்போதும் ஞாயிறு விடிந்தால் தவளை வடிவ லூரை, அதாவது செயற்கை இரையைக் கட்டிக்கொண்டு விரால் தேடி ஏதாவது ஓர் ஏரிக்கரையில் நிற்பேன். நாலு மாதத்துக்கு முன்பு விராலுக்கான லூர் வீடியோ தேடப் போய், பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்க அமெரிக்காவில் நடக்கும் பாஸ்மாஸ்டர் எலைட் போட்டி ஒன்றின் பழைய ஒளிபரப்பு கண்ணில் பட்டது. 2024 பிப்ரவரி, டெக்சாஸ் மாநிலம், லேக் ஃபோர்க் என்ற ஏரி. டிரே மெக்கின்னி என்று 19 வயதுப் பையன், எலைட் போட்டிகளில் அவனுக்கு அதுதான் முதல் வருடம், நான்கு நாளில் 130 பவுண்டு 15 அவுன்ஸ் எடை காட்டி ஜெயித்தான். நாளுக்கு ஐந்து மீன்தான் கணக்கு. ஆக மொத்தம் 20 மீன், சராசரியாக ஒரு மீன் கிட்டத்தட்ட மூன்று கிலோ! அன்று ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து பார்த்தேன். அதிலிருந்து விடவே இல்லை, கிடைத்ததையெல்லாம் பார்க்கிறேன்.

ஆனால் பாதி புரியவில்லை. கூடவே உட்கார்ந்து பார்க்கும் என் தங்கை கேட்கிற கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. திரையில் ஒருவர் முதலிடத்தில் இருப்பதாகக் காட்டுகிறார்கள், சாயங்காலம் மேடையில் எடை போட்டால் வேறொருவர் முன்னால் இருக்கிறார், அது எப்படி? பாஸ்மாஸ்டர் ஒரு பக்கம், மேஜர் லீக் ஃபிஷிங் ஒரு பக்கம் என்று இரண்டு இருக்கிறதே, எதைப் பார்ப்பது? அப்புறம் முக்கியமாக, நிறைய பேர் படகின் முன்னால் நின்றுகொண்டு தண்ணீரைப் பார்க்காமல் திரையையே பார்க்கிறார்கள். கீழே கருத்துப் பகுதியில் அதற்குப் பெரிய சண்டையே நடக்கிறது. எதனால் அவ்வளவு கோபம்? கிரிக்கெட்டை எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, வீட்டிலேயே வந்துவிடும். இதற்குச் சொல்லித்தர ஆள் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டாலஸ்_கெண்டை

தம்பி, தமிழில் இதைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. பதினைந்து வருடமாகத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் எடை விஷயம். படகில் போட்டியாளருடன் மார்ஷல் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். மீன் ஏறியதும் அதன் எடையை உத்தேசமாகக் கணித்து அவர் போனில் பதிவு செய்கிறார். நீங்கள் திரையில் பார்க்கும் பட்டியல் அந்த உத்தேசக் கணக்குதான். ஐந்து மீனில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு அவுன்ஸ் தப்பினாலே ஒரு பவுண்டு கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பாஸ்மாஸ்டரின் மிகப் பெரிய போட்டியான கிளாசிக்கை 2022-இல் ஜேசன் கிறிஸ்டி ஜெயித்தது வெறும் 5 அவுன்ஸ் வித்தியாசத்தில், அதாவது 150 கிராம்கூட இல்லை. அதனால் நாள் முழுக்கப் பார்த்தாலும் மேடையில் பையைத் திறக்கும் வரை யாருக்கும் முடிவு தெரியாது. ரசிகனுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் பெரிய சோதனை.

எதைப் பார்ப்பது என்றால், இரண்டும் வேறு வேறு ஆட்டம். பாஸ்மாஸ்டரில் ஐந்து மீன்தான், ஆறாவது பிடித்தால் இருப்பதில் சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். அதனால் காலை பத்து மணிக்கே ஐந்து மீன் ஆகிவிட்டாலும் வேலை முடியவில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு பெரிய மீனுக்காக நாலு மணி நேரம் சும்மா வீசிக்கொண்டிருப்பார்கள். மேஜர் லீக் ஃபிஷிங் 2011-இல் தொடங்கியது, அதன் பாஸ் புரோ டூர் 2019-இல் வந்தது. மீனைப் படகிலேயே எடை போட்டு உடனே தண்ணீரில் விடுவதுதான் அதன் அடையாளம். புள்ளிகள் உடனுக்குடன் எல்லோர் படகுக்கும் போய்விடும். தான் எத்தனையாவது இடம் என்று தெரிந்துகொண்டே ஆடுவதால் பதற்றம் முகத்திலேயே தெரியும். அந்த டூர் தொடங்கியபோது கெவின் வேன்டேம், மைக் ஐகனெல்லி மாதிரி பெரிய பெயர்களெல்லாம் அந்தப் பக்கம் போனதில் எங்களைப் போன்ற பழைய ரசிகர்களுக்கு வீடு இரண்டாகப் பிரிந்த மாதிரி இருந்தது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பாஸ்மாஸ்டரைத்தான் சொல்வேன். காத்திருப்பு இல்லாத மீன்பிடியில் எனக்கு மனம் ஒட்டவில்லை.

மூன்றாவதாக, நீங்கள் கேட்காத ஒன்று. மீன் ஏறும் நிமிடங்களை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்காதீர்கள். ஏறாத நேரத்தைப் பாருங்கள். எனக்கு இது புரிந்தது ஒருமுறை மார்ஷலாகப் போனபோதுதான். ரசிகர்கள் பணம் கட்டிப் பதிவு செய்தால் அந்த இருக்கை கிடைக்கும், நாம் தூண்டிலைத் தொடக் கூடாது, இடம் பற்றி எந்தத் தகவலும் சொல்லக் கூடாது. இங்கே டெக்சாஸிலேயே ஓர் ஏரி. நான் போன படகுக்காரர் பயிற்சி நாட்களில் ஒரு நல்ல இடம் கண்டுபிடித்து வைத்திருந்தார், பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்கு அடியில் ஒரு கல் மேடு. விடிந்ததும் நேராக அங்கேதான் போனோம். இரண்டு மணி நேரம், ஒரு கடிகூட இல்லை. அவர் நாலு ராடு மாற்றினார், லூரின் நிறத்தை மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்தார். கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். முந்தின நாள் வரை தெற்கிலிருந்து அடித்த காற்று அன்று வடக்கே திரும்பியிருந்தது, எனக்கு அது குளிராக மட்டும்தான் தெரிந்தது. அவர் எஞ்சினைக் கிளப்பி, மூன்று நாள் உழைத்துக் கண்டுபிடித்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, ஏரியின் மறுமுனைக்கு இருபத்தைந்து நிமிடம் ஓட்டினார். பயிற்சியில் அவர் ஒருமுறைகூட வீசாத நாணல் ஓரம். பதினொன்றரைக்குள் ஐந்து மீன். அவர் பெரிய பரிசு ஒன்றும் வாங்கவில்லை, நடுவில் எங்கோதான் முடித்தார். ஆனால் அந்த ஒரு நிமிட அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போது ஒளிபரப்பில் யாராவது ராடைக் கீழே வைத்தால் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

அதனால் ஒரே ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க அவர் எங்கே போகிறார், எங்கே தோற்கிறார் என்று பாருங்கள். எனக்குக் கிறிஸ்டி. ஓக்லஹோமாக்காரர். 2016 கிளாசிக் அவருடைய சொந்த மாநிலத்தில் கிராண்ட் லேக்கில், கடைசி நாள் காலையில் அவர்தான் முன்னால். எட்வின் எவர்ஸ் அன்று ஒரே நாளில் 29 பவுண்டு 3 அவுன்ஸ் கொண்டுவந்து தட்டிச் சென்றார். 2018-இல் லேக் ஹார்ட்வெல்லில் மறுபடி கடைசி நாள் காலையில் முன்னால், ஜோர்டன் லீ பின்னாலிருந்து வந்து ஜெயித்தார். 2022-இல் மறுபடி அதே ஹார்ட்வெல். அந்த 5 அவுன்ஸ் அவர் பக்கம் விழுந்தபோது நான் வரவேற்பறையில் நின்றுகொண்டு அழுதேன். ஆறு வருடம் காத்திருந்தவனுக்குத்தான் அந்த அழுகை வரும்.

நேரமும் உங்களுக்கு வசதிதான். மார்ச்சிலிருந்து எங்களுக்குக் கோடைக்காலக் கடிகாரம், இங்கே காலை 7.30 என்றால் ஓசூரில் மாலை 6. வேலை முடிந்து வந்து பார்க்கத் தொடங்கலாம். எடை போடுவதைத்தான் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்க்க வேண்டியிருக்கும்.

திரைச் சண்டையைப் பற்றி நான் சொல்லவில்லை. கரோலினா அக்கா வருவார், அவர் சொல்லட்டும்.

ஸ்காபரோ_ஈழவன்

கனடாவில் இருந்து நானும் வந்திட்டேன். அமெரிக்கர்களைப் பற்றி மட்டும் கதைத்தால் எப்படி? 2023 கிளாசிக்கை வென்றது எங்கட ஒன்ராறியோக்காரர் ஜெஃப் கஸ்டவ்சன், கெனோராப் பக்கம். கிளாசிக் வென்ற முதல் கனேடியர் அவர்தான். ரென்னசி மாநிலத்தில் நொக்ஸ்வில் நகரத்துக்குப் பக்கத்தில் நடந்தது. சின்ன மீன் மாதிரியான மென்மையான ரப்பர் லூரை ஆழத்தில் இறக்கி, பெரிதாக அசைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு முறை. குளிர் நாட்டுத் தண்ணீரில் பழகின பொறுமை அது. கடைசி நாள் அவருக்கு இரண்டே இரண்டு மீன்தான் கிடைத்தது. ஐந்து வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு! முதல் இரண்டு நாள் சேர்த்து வைத்த எடை காப்பாற்றிவிட்டது. அந்த நாள் நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு பீற்றர்பரோவைச் சேர்ந்த கிறிஸ் ஜோன்ஸ்ரன் 2024-இல் வருடத்தின் சிறந்த போட்டியாளர் பட்டத்தை எடுத்தார். அதுவும் கனேடியருக்கு முதல் தடவை. கிளாசிக் மூன்று நாள் ஆட்டம், அதிர்ஷ்டமும் கொஞ்சம் வேணும். வருடப் பட்டம் அப்படியில்லை, புளோரிடாப் புல் ஏரியிலும் வெல்ல வேணும், வடக்கே தெளிந்த ஆற்றிலும் வெல்ல வேணும். கெவின் வேன்டேம் அந்தப் பட்டத்தை ஏழு தடவையும் ரோலண்ட் மார்ட்டின் ஒன்பது தடவையும் எடுத்திருக்கினம். என்னைக் கேட்டால் கிளாசிக்கை விட அதுதான் பெரிது. டாலஸ் அண்ணைக்கு இதில் என்னோடு உடன்பாடு இராது, பரவாயில்லை.

ஓசூர் தம்பி, முடிந்தால் கோடையில் சென் லோறன்ஸ் ஆற்றில் நடக்கிற போட்டிகளைப் பாருங்கோ. ஸ்மால்மவுத் பாஸ் என்ற இனம். பாஸின் இன்னொரு இனமான லார்ஜ்மவுத்தை விட உடம்பு சின்னன், ஆனால் கொக்கியில் மாட்டினால் தண்ணிக்கு மேல் துள்ளித் துள்ளி ஆளைக் களைக்கப் பண்ணும். சிலர் ஆற்றை விட்டு ஒன்ராறியோ ஏரிக்குள்ளேயே போவினம். காற்று எழும்பினால் அது கடல் மாதிரித்தான். திரும்பி வர ஒரு நிமிடம் பிந்தினால் ஒரு பவுண்டு வெட்டு. நல்ல மீன் நிற்கிற இடத்தை எத்தனை மணிக்கு விட்டுப் புறப்படுவது என்ற கணக்கு இருக்கே, அதைப் பார்க்கத்தான் நான் ஒருமுறை மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி, எல்லை தாண்டிப் போய்க் கரையில் நின்றேன். அலையில் அடிபட்டு முழுக்க நனைந்து ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள், கை எல்லாம் நடுக்கம். பையைத் திறந்தால் மஞ்சளும் பழுப்புமாக மின்னுகிற மீன்கள். நான் பார்த்த அழகான காட்சிகளில் அது ஒன்று.

தூத்தூர்_கரை

மூன்று பேர் எழுதியதையும் ஒரே மூச்சில் படித்தேன். நான் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர். எங்கள் அப்பா ஆழ்கடல் தூண்டில்காரர், சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் போய்க் கிடப்பவர். எனக்கு ஒரு கேள்வி. மீனைப் பிடித்து, எடை போட்டு, மறுபடி தண்ணீரில் விட்டுவிடுகிறார்களா? அது பிழைக்கிறதா? காலையில் பிடித்ததைச் சாயங்காலம் வரை படகில் வைத்திருந்தால் எப்படி உயிரோடு இருக்கும்? குறையாகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பிடிபட்ட மீன் என்றால் ஐஸ் போட வேண்டிய மீன், அவ்வளவுதான். அதனால் உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

டாலஸ்_கெண்டை

நல்ல கேள்வி தம்பி. இந்தப் போட்டிகளைத் தொடங்கியவர் ரே ஸ்காட், அலபாமா மாநிலம் மான்ட்கோமரியில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். 1967-இல் ஆர்கன்சாவில் பீவர் லேக்கில் 106 பேரை ஆளுக்கு 100 டாலர் கட்டவைத்து முதல் போட்டியை நடத்தினார். ஆரம்பத்தில் மீன்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டுத்தான் கொண்டுவருவார்கள். நூறு பேர் ஒரே ஏரியில் மூன்று நாள் அப்படிச் செய்தால் ஏரிக்காரர்கள் சும்மா விடுவார்களா? 1972-இல் அவர் பிடித்த மீனைக் கொல்லாதே என்று விதியையே மாற்றினார். இன்று அமெரிக்காவில் பாஸ் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் மீனைத் திரும்ப விடுவதற்கு அந்த மனிதர் ஒரு முக்கியக் காரணம். 2022-இல் காலமானார்.

படகுக்குள் லைவ்வெல் என்று ஒரு தொட்டி இருக்கும், பம்பு வைத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டுக் காற்று ஏற்றிக்கொண்டே இருப்பார்கள், வெயில் காலத்தில் ஐஸ் போட்டுக் குளிர வைப்பார்கள். செத்த மீன் ஒவ்வொன்றுக்கும் 4 அவுன்ஸ் கழித்துவிடுவார்கள். 5 அவுன்ஸில் கிளாசிக்கே கைமாறும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதோடு சேர்த்துப் பாருங்கள். ஆழத்திலிருந்து வரும் மீனுக்கு உள்ளே காற்றுப்பை வீங்கித் தலைகீழாக மிதக்கும், அதற்கு மெல்லிய ஊசியால் காற்றை எடுத்துவிடக் கற்றுவைத்திருக்கிறார்கள். இருந்தாலும் எல்லாம் பிழைக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் சூடாக இருந்தால் விட்ட பிறகு சில நாளில் சாவது நடக்கிறது, இதை ரசிகர்களான நாங்களே ஒத்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில் புளோரிடா, டெக்சாஸ் என்று தொடங்கி ஆகஸ்டில் வடக்கே குளிர்ந்த தண்ணீருக்குப் போகும்படி அட்டவணை போடுவது மீனுக்கும் நல்லதாகத்தான் அமைகிறது.

கரோலினா_செல்வி

டாலஸ் தம்பி என்னை இழுத்துவிட்டார், வந்துவிட்டேன். நான் சார்லட்டில் இருபது வருடமாக இருக்கிறேன். லேக் வைலி என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான், வாரக் கடைசியில் பிள்ளைகளோடு அங்கே நடப்போம்.

அந்த ஏரியில்தான் 2004 கிளாசிக் நடந்தது. தகாஹிரோ ஒமோரி, ஜப்பானிலிருந்து தனியாக வந்தவர், ஆங்கிலம் சரியாகத் தெரியாது, தங்க இடமில்லாமல் காருக்குள்ளேயே படுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போட்டிக்குப் போனவர். கடைசி நாள், நேரம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது கிராங்க்பெய்ட் என்ற லூரை வீசி மீனைப் பிடித்து, படகிலேயே மண்டி போட்டுக் கத்தினார். நானும் வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியவள்தான். அந்தக் காட்சியைப் பின்னாளில் பார்த்தபோதுதான் இந்த விளையாட்டு என்னுடையதும்கூட என்று தோன்றியது. அதுவரை என் கணவர் பார்ப்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவே.

இன்னொருவர் பிரையன் கெர்ச்சல். கனெடிகட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்த்த பையன், அமெச்சூர் சங்கம் வழியாக 1993 கிளாசிக்குக்கு வந்து கடைசி இடம் பிடித்தார். அடுத்த வருடமும் தகுதி பெற்று, எங்கள் மாநிலத்தில் ஹை ராக் லேக்கில் ஜெயித்தேவிட்டார், 23 வயது. அந்தச் சங்கத்திலிருந்து வந்து கிளாசிக்கை வென்ற முதல் ஆள். அந்த டிசம்பரிலேயே விமான விபத்தில் இறந்துபோனார். ஹை ராக் பக்கம் காரில் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான்.

சரி, திரைக்கு வருகிறேன். தம்பி, நீங்கள் பார்த்தது முன்நோக்கு சோனார், ஒலியலையை வைத்துத் தண்ணீருக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி. பழைய சோனார் படகுக்கு நேர் கீழேயோ பக்கவாட்டிலோ இருந்ததைத்தான் காட்டும், அதுவும் கடந்துபோன பிறகு. 2018-இல் கார்மின் கம்பெனியின் லைவ்ஸ்கோப் வந்தது. படகுக்கு முன்னால் தூரத்தில் மீன் நிற்பதும், லூர் அதன் பக்கம் போவதும், மீன் திரும்பிப் பார்ப்பதும் அந்த நொடியிலேயே திரையில் தெரியும். மீன் இருக்கிறதா என்ற கேள்வியே போய்விட்டது, வாய் திறக்குமா என்பது மட்டும்தான் பாக்கி. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒளிபரப்பில் ஒரு மனிதர் எட்டு மணி நேரம் குனிந்து திரையைப் பார்க்கிறார், நான் இங்கே அவர் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கரையோர மரத்தடியில் ஜிக் என்ற லூரைச் சத்தமில்லாமல் இறக்குவதை, தண்ணீர் மேலே வரும் லூரை மீன் பாய்ந்து அடித்து நீர் சிதறுவதை எங்கே பார்ப்பது? ரிக் கிளன் 2019-இல் தன் 72-ஆவது வயதில் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் எலைட் போட்டியை ஜெயித்தார். நாலு கிளாசிக் வாங்கியவர், 1976-இலிருந்து. அவர் தண்ணீரைப் படித்த விதம் ஐம்பது வருடத்தில் சேர்ந்தது. அதை ஒரு கருவி ஒரு வருடத்தில் கொடுத்துவிடுகிறது என்றால் எனக்கு வலிக்கிறது. மேஜர் லீக் ஃபிஷிங் 2025-இல் ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. பாஸ்மாஸ்டரும் அதே வருடம் எலைட் படகில் இப்படி ஒரு கருவிதான், திரைகளின் மொத்த அளவு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்தது. எனக்கு அது போதாது.

டாலஸ்_கெண்டை

அக்கா, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் 2025 கிளாசிக்கை நான் நேரில் பார்த்தேன், ஃபோர்ட் வொர்த்தில். ஏரி லேக் ரே ராபர்ட்ஸ், எடை போடுவது நகரத்துக்குள் டிக்கீஸ் அரீனாவில். படகை லாரி மாதிரிப் பெரிய வண்டியில் கட்டி, ஆள் படகிலேயே உட்கார்ந்திருக்க அரங்கத்துக்குள் இழுத்து வருவார்கள், நம் ஊர் சப்பரம் வருவது மாதிரியே இருக்கும், சுற்றிலும் கை தட்டல். ஈஸ்டன் ஃபாதர்கில், 22 வயது, அவருக்கும் முதல் வருடம்தான். இரண்டு வருடம் முன்பு மூளையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். மூன்று நாளில் 76 பவுண்டு 15 அவுன்ஸ். 1984-இல் உங்கள் கிளன் வைத்த 75 பவுண்டு 9 அவுன்ஸ் அதுவரை கிளாசிக்கின் உச்சம், அப்போது நாளுக்கு ஏழு மீன் கணக்கு. இந்தப் பையன் ஐந்து மீன் கணக்கிலேயே தாண்டினார். அந்தத் தலைமுறை சோனாரோடு வளர்ந்தது உண்மைதான். ஆனால் அதே கருவி ஏரியில் எல்லோர் படகிலும்தான் இருந்தது, மற்றவர்களால் ஏன் முடியவில்லை?

தூத்தூர்_கரை

இதில் நான் ஒன்று சொல்லலாமா? எங்கள் தாத்தா, கரையில் தெரியும் மாதா கோயில் கோபுரத்தையும் பின்னால் இருக்கும் மலையையும் ஒரு கோட்டில் வைத்துக் கடலுக்கு அடியில் இருக்கும் பார் என்ற பாறைத் திட்டைக் கண்டுபிடிப்பார். நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கயிற்றின் சாய்வை வைத்தே சொல்வார். அப்புறம் எக்கோ சவுண்டர் வந்தது, ஜிபிஎஸ் வந்தது. அப்பா அதை வாங்கிய அன்று தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை என்று அம்மா சொல்வார். ஆனால் அப்பாவுக்கு அது இல்லாமல் முடியாது, எரிபொருள் செலவுக்குக் கட்டாது. கருவி வந்த பிறகும் ஒரே இடத்துக்குப் போகும் பத்துப் படகில் இரண்டுதான் நிறையக் கொண்டுவருகிறது, அதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தாத்தாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கோபுரத்தை எந்த மலையோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கலாம், இனி கேட்க ஆள் இல்லை. அதனால் அக்கா சொல்வதும் டாலஸ் அண்ணன் சொல்வதும் எனக்கு ஒரே நேரத்தில் உண்மையாகப் படுகிறது.

கரோலினா_செல்வி

தம்பி, உங்கள் தாத்தா செய்ததைத்தான் இங்கேயும் ஜிபிஎஸ் இல்லாத நாட்களில் செய்தார்கள், தண்ணீர்த் தொட்டியையும் தனியாக நிற்கும் ஒரு பைன் மரத்தையும் கோடு சேர்த்துப் பார்த்து, நடு ஏரியில் அடியில் கிடக்கும் மேட்டில் போய் நிற்பார்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். உங்கள் ஊரில் அந்தக் கோடு தெரிந்த பெரியவர் ஒருவராவது இன்னும் இருப்பார், தயவுசெய்து போய்க் கேட்டு எழுதி வையுங்கள்.

ஓசூர்_தூண்டில்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று ராத்திரி தங்கையும் நானும் ஒமோரியின் 2004 வீடியோவைத் தேடிப் பார்த்தோம், அவள் மூன்று முறை திரும்பப் போட்டாள். அவள் அவரைத்தான் பிடித்துக்கொண்டாள். நான் மெக்கின்னியை விடப்போவதில்லை. 2008-இல் ஃபால்கன் லேக்கில் பால் எலியாஸ் வைத்த 132 பவுண்டு 8 அவுன்ஸ்தான் நான்கு நாள் சாதனை என்று பிறகுதான் படித்தேன். ஒரு பவுண்டு 9 அவுன்ஸில் அந்தப் பையனுக்குத் தவறிவிட்டது, எங்கள் ஏரியில் ஒரு குட்டி விரால் அளவு. அவனுக்கு இன்னும் வயதிருக்கிறது.

டாலஸ் அண்ணா, நீங்கள் சொன்னபடி மீன் ஏறாத நேரத்தை ஓட்டிவிடாமல் முழுசாகப் பார்த்தேன். ஒருவர் காலையிலிருந்து புல் ஓரத்தில் வீசிக்கொண்டிருந்தவர் மதியம் ராடைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். தங்கை என்னிடம் "இப்ப இடம் மாத்தப் போறார் பாரு" என்றாள். மாற்றினார். ஒரு கேள்வி மட்டும் பாக்கி: பௌர்ணமி வந்தால் மீன் கரைக்கு வரும் என்று வர்ணனையில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே, அது முட்டையிடும் காலத்துக்கு மட்டும்தானா, வருடம் முழுக்கவா?

டாலஸ்_கெண்டை

அவர்கள் அப்படிச் சொல்வது பெரும்பாலும் முட்டையிடும் காலத்தை வைத்துத்தான் தம்பி. தண்ணீர் அறுபது டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டி, அதாவது 16 செல்சியஸ் வாக்கில், ஏறிக்கொண்டிருக்கும்போது பௌர்ணமியும் சேர்ந்தால் பெரிய பெண் மீன்கள் கூட்டமாகக் கரையோரம் வரும் என்பது இங்கே எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. தண்ணீர் குளிர்ந்து கிடந்தால் நிலா மட்டும் போதாது. பிப்ரவரி, மார்ச்சில் தெற்கே எடை குவிவதற்கு அதுதான் காரணம், வயிறு நிறைய முட்டையோடு இருக்கும் சமயம். தங்கைக்கு என் வாழ்த்து. அடுத்த சீசனில் புளோரிடா போட்டி வரும்போது காலண்டரில் நிலாவைப் பார்த்துவிட்டு இங்கே எழுதச் சொல்லுங்கள், நானும் என் கணக்கை எழுதுகிறேன்.